சொர்ணத்துக்குப் பருவம் வரவில்லை

கொள்ளு மசிகிற வரைக்கும் அடுப்பை விட்டு நகர வேண்டாம் என்று அண்ணன் தங்கமுத்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். என்னமோ இத்தனை வருசமும் அவள் அண்டாவை அப்படியே போட்டுவிட்டுச் சீமை சுற்றப் போனவள் மாதிரி. குதிரைகள் கட்டுகிற கட்டுத்தறிக்கு வெளியே மூணு கல்லு வைத்த அடுப்பு. அதன் முன்னால் பலகைக்கட்டையில் குந்தியிருந்த வசந்தாமணிக்குப் புகை நேராகக் கண்ணுக்கே வந்தது, இக்கட்ட நகர்ந்தால் இக்கட்ட வந்தது, அக்கட்ட நகர்ந்தால் அக்கட்ட வந்தது, சரி போ, அழுகிறதுக்கு ஒரு சாக்காச்சு என்று உட்கார்ந்துவிட்டாள். அழவெல்லாம் இல்லை. வந்தால்தானே அழுகிறதுக்கு. கரூர்ப் பக்கத்திலிருந்து சென்னியப்பன் என்கிறவர் குதிரை பார்க்க வருகிறார், அவரைக் கூட்டிவரத்தான் அண்ணன் பஸ் ஸ்டாப்புக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்தச் சென்னியப்பன், தீனி வைக்கிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தக் குதிரையையும் பிடிக்கமாட்டார், இது இந்தச் சுத்துப்பட்டுக் குதிரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். விற்கிறவனைக் கேட்டு என்ன புண்ணியம், கூடவே கிடக்கிறவங்களைக் கேட்டால்தானே தெரியும் என்பாராம். அதனால்தான் அண்ணன் பல்லுகூட விளக்காமல் விடிந்ததும் விடியாததுமாக அவளிடம் வந்து நின்றான். “அம்மிணி, அவரு உன்னையத்தான் கேப்பாரு. பொட்டைக்குப் பருவம் ஒழுங்கா வருதாம்பாரு. ஆமான்னு சொல்லிப்போடு. வேற ஒண்ணும் நீ பேச வேண்டாம். ஆமான்னு ஒத்தை வார்த்தை.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வேப்பங்குச்சி ஒடிக்கப் போய்விட்டான். நேற்றிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பொட்டை என்றால் சொர்ணம். கட்டுத்தறியில் கடைசி மூலையில் நிற்கிற செவலைக் குதிரை, நெற்றியில் வெள்ளை, தொண்டைக்குழிக்கு நேராகத் தேவமணிச் சுழி. அந்தச் சுழியைப் பார்த்துத்தான் ஆடி மாசத்துக் குதிரைச் சந்தையில் அண்ணன் சொக்கிப்போனான். மனுசனுக்கு ஜாதகம் போல குதிரைக்குச் சுழி, அதிலும் தேவமணி இருந்துவிட்டால் மற்ற குற்றம் எல்லாம் அடிபட்டுப் போகுமாம். வயசுக்கு உயரம் கம்மியாக இருக்கிறதே என்று கூட வந்தவன் சொன்னதற்கு, சுழியைப் பாரப்பா, உயரத்தையா கட்டி அழுகப்போறோம் என்று அவன் வாயை அடைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டு வந்தான். வந்த பிறகு குணத்தைப் பார்த்து இன்னும் பூரிப்பு. எந்த ஆண் குதிரை பக்கத்தில் வந்து கனைத்தாலும் சொர்ணம் வாலைத் தூக்காது, காலை மாற்றாது, அது பாட்டுக்குச் சோளத்தட்டை மென்றுகொண்டு நிற்கும். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடக்கமாம்! பாட்டன் காலத்திலிருந்து குதிரை வளர்க்கிற குடும்பம், ஒரு குதிரைக்குப் பருவம் வரவில்லை என்று கண்ணில் படவில்லை, அடக்கம்தான் பட்டது. பொட்டையாகப் பிறந்தது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், உடனே ஒரு நல்ல பேர் வைத்துவிடுவார்கள் இந்த மனுசர்கள். அவளுக்கும் அந்தப் பேர் இருந்தது. அம்மா சாகிற வரைக்கும் சொன்னாள், என்ற மகளாட்ட அடக்கம் இந்த ஊர்ல எவ இருக்கறா என்று. வசந்தாமணி துடுப்பை விட்டு அண்டாவைக் கிண்டினாள். கொள்ளு இன்னும் முழுசு முழுசாக மேலே வந்து உருண்டது. இன்னும் நேரம் ஆகும்.

ரெண்டு கோடையும் பொலிகுதிரையோடு சேர்த்துப் பார்த்து ஒன்றும் ஆகாமல்தான் டாக்டர் லியோ வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்ன வயசு, மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி இருக்கும். கையை முழங்கைக்கு மேலே விட்டு ஸ்கேன் பார்த்துவிட்டு, முட்டைப்பை நிலக்கடலைப் பருப்பு அளவுக்குத்தான் தெரிகிறது, ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று மத்தியானம் முடிவைச் சொல்ல வந்தார். கயிற்றுக்கட்டிலில் அண்ணனும் அவரும் உட்கார்ந்திருந்தார்கள், வசந்தாமணி டீயை ஊற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தூணோரம் நின்றாள். அப்படி நிற்கிறது அவள் வழக்கம், குதிரையைப் பற்றி எது பேசினாலும் அவளுக்கும் வேண்டுமல்லவா, தீனி வைக்கிறவள் அவள்தானே. “பொட்டைக் குதிரைன்னா ரெண்டு எக்ஸ் இருக்கணும் அண்ணாச்சி, ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய். இந்தக் குரோமோசோமுதான் உடம்புக்கு எது எப்படின்னு சொல்லிக் குடுக்குறது. உங்க சொர்ணத்துக்கு ஆண் கணக்கு விழுந்திருக்கு. வெளிய பாத்தா எல்லாம் பொட்டை. உள்ள முட்டைப்பை வளரவே இல்ல. அதான் பருவம் வரல்ல, இனியும் வராது.” அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். “அப்ப இது பொட்டையே இல்லீங்களா?” டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை போல. “பொட்டையாத்தான் பொறந்திருக்கு, பொட்டையாத்தான் வாழும். ஒரு வலியும் அதுக்குக் கிடையாது. ஏறி ஓட்டலாம், வண்டி கட்டலாம், இருக்குற காலம் நல்லா இருக்கும். குட்டி மட்டும் போடாது. யாரு தப்பும் இல்ல அண்ணாச்சி, கருவுலயே விழுந்த கணக்கு.” ஊசி கீசி ஏதாச்சும் என்று அண்ணன் இழுத்தான். ஒன்றும் கிடையாது என்றார். அதோடு எழுந்து போயிருக்கலாம் அந்தப் பையன். ஆனால் படித்த படிப்பு சும்மா இருக்க விடுகிறதா, இல்லை அண்ணன் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்கிறதாக நினைத்தாரோ என்னவோ. “மனுசங்கள்லயும் இது உண்டு அண்ணாச்சி. பொம்பளைப் பிள்ளையாவே பொறந்து, பொம்பளையாவே வாழுவாங்க. வயசுக்கு மட்டும் வரமாட்டாங்க. அந்த வளராத பையை அப்படியே விட்டா பின்னால கட்டியாகிப்போகும்னு ஆபரேசன் பண்ணி எடுத்துருவாங்க.” அப்போது அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். தூணோரம் நிற்கிற தங்கச்சியை. பார்த்துவிட்டு வெடுக்கென்று கண்ணை எடுத்து, “டாக்டர், டீ ஆறுதுங்க” என்றான். டீ ஆறவே இல்லை. அவள் அப்போதுதான் கொண்டுவந்து வைத்திருந்தாள், தொட்டால் கை பொத்துப்போகும், அப்படி ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஆவி பறக்கிற டீயை ஆறுகிறது என்றானே. அந்த ஒரு சொல்லில்தான் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. டாக்டர் சொன்னதில்கூட இல்லை. டாக்டர் சொன்னதை அவள் குதிரைக்கதையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அட, இப்படியும் இருக்குமா, பாவம் சொர்ணம் என்று. அண்ணன் பார்த்த பார்வைதான் கதையைத் தூக்கி அவள் மேல் போட்டது. அடிவயிற்றில் கை தானாகப் போய் நின்றது, சேலைக்கு மேலேயே தெரிந்தது அந்தத் தழும்பு. குடல்வால் ஆபரேசன். குடல்வால் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஒருமுறை நங்கையிடம், அதாவது அண்ணன் பெண்டாட்டியிடம், உங்களுக்கும் குடல்வால்தானே எடுத்தாங்க, உங்களுக்கு வலப்பக்கம் சாய்வா இருக்குது, எனக்கு ஏன் நடுவுல குறுக்கால இருக்குது என்று கேட்டாள். நங்கை, ஆளுக்கு ஆளு டாக்டரு வெட்டறது மாறும் வசந்தா என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போ நங்கைக்கும் தெரியும். கட்டிக்கொண்டு வந்தவளுக்குத் தெரியும். செத்துப்போன அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு பச்சை பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டு அப்பாவும் அண்ணனும் டாக்டரம்மா ரூமுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், வெளியே வந்த அப்பா குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார், தண்ணீரில் சட்டையெல்லாம் நனைந்தும் கழுவிக்கொண்டே நின்றார், அண்ணன்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி, ஒண்ணுமில்ல கண்ணு, குடல்வாலு வீங்கியிருக்குதாம், எடுத்துட்டாச் சரியாப்போயிரும் என்றான். எவ்வளவு ஆசையாகத் தடவினான். அந்தக் கையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. உடம்பு அவளுடையது, உள்ளே இருந்தது அவளுடையது, எடுத்தது அவளிடமிருந்து. கதவுக்கு வெளியே உட்கார வைத்ததும் அவளைத்தான். குதிரையையாவது கூட நிற்க விட்டார்கள், சொர்ணத்தைப் பற்றி டாக்டர் பேசினபோது அது அங்கேதான் நின்று தட்டு மென்றுகொண்டிருந்தது.

புகை மறுபடி முகத்தில் அடித்தது. ஒரு கட்டையை வெளியே இழுத்துவிட்டாள். ஆமான்னு சொல்லு. இந்த வார்த்தையை எங்கே கேட்டோம், எங்கே கேட்டோம் என்று விடியற்காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது, இப்போது வந்துவிட்டது. அம்மா சொன்னது. கூடப் படித்தவளுகள் எல்லாம் ஒவ்வொருத்தியாகப் பெரியவளாகிச் சீர் செய்து பட்டுப்பாவாடையோடு வந்து நின்றபோது இவள் மட்டும் பாவாடை சட்டையில் ஓணானாட்டம் திரிந்தாள். ஒரு வருசம், ரெண்டு வருசம் பார்த்தார்கள். ஒரம்பரை, சொந்தக்காரர்கள் வாயை மூடமுடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோழி அடித்தாள். கோழி அடித்த கையோடு இவளை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குக் கூட்டிப்போய், பாவாடையை வாங்கி, அந்த ரத்தத்தில் நனைத்துத் துணி வெளுக்கிற ரங்காயி கண்ணில் படுகிற மாதிரி மூலையில் போட்டாள். “யாரு கேட்டாலும் ஆமான்னு சொல்லு. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வரத்தான் போகுது, ஒரு மாசம் முன்ன பின்ன, அதுக்குள்ள ஊரு வாயை எதுக்கு வாங்கறது.” சாயங்காலமே மாமன்மார் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து குடிசை கட்டினார்கள். அதற்குள்ளே இவளை உட்கார வைத்து, புட்டும் நல்லெண்ணெயும் கொடுத்து, சீர் செய்து, கொட்டு முழக்கி, தட்டம் தட்டமாக வாங்கி வைத்தார்கள். கோழி ரத்தத்துக்குச் சீர்! எத்தனை பேர் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். கூச்சத்தில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள், அதையும் பார்த்து அடக்கம் என்றார்கள். அதற்குப் பிறகு மாசாமாசம் மூணு நாள் தனித்தட்டு, தனிப்பாய். வராத ஒன்றுக்கு ஒதுங்கி உட்கார்ந்து அந்தப் பாயில் படுத்துக்கொண்டு, சாமி, இந்த மாசமாச்சும் வந்துரட்டும், பொய்யி நெசமாயிரட்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளை அவள். எந்தச் சாமி காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் அது என்ன செய்யும், கருவிலேயே விழுந்த கணக்கு என்கிறாரே அந்தப் பையன்.

யார் தப்பும் இல்லை. இந்த மூணு வார்த்தையை இதே மாதிரி அந்த டாக்டரம்மாவும் சொல்லியிருப்பாள். சொல்லாமலா இருப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னது, கதவைத் தாண்டி வரவில்லை, அவ்வளவுதான். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூடாது என்று நினைத்தாள், நினைத்த உடனே யோசித்தாள். டீச்சருக்குப் படித்திருக்கலாம். தையல் போட்டிருக்கலாம். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கலாம், இல்லாவிட்டால் எல்லாம் தெரிந்து சம்மதித்து ஒருத்தன் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், எதுவானாலும் அவள் கண்ணைத் திறந்துகொண்டு போயிருப்பாள். கண்ணைக் கட்டித்தானே தாராபுரத்துக்கு அனுப்பினார்கள். சீருக்கு அப்புறம் நடந்த அந்த ஆபரேசன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், உடம்பு தேற மாத்திரை என்று அம்மா தினமும் ஒன்று கொடுத்தாள், மாரில் கொஞ்சம் சதை வைத்தது, வைத்ததும் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ராமலிங்கம். தீவனக்கடை வைத்திருந்த ஆள். கெட்டவன் என்று சொல்ல வாய் வராது. பஸ்ஸில் ஏறினால் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு வெயில் படுகிறதா என்று ரெண்டு தரம் கேட்பான். மாமியார்தான் கோயில் கோயிலாக இழுத்தாள், கஷாயமாகக் கொடுத்தாள், வயிறு புண்ணாகிப்போகிற அளவுக்கு. அங்கேயும் மூணு நாள் ஒதுங்கி உட்கார்ந்தாள், அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள், பிள்ளை தங்கினாத் தன்னால எல்லாம் சரியாயிரும், அதுவரைக்கும் வாயைத் தொறக்காதே என்று. பொய் எத்தனை நாளைக்கு நிற்கும் ஒரு வீட்டுக்குள்ளே? மாமியார் கண்ணில் ஒருநாள் பட்டுத்தான் போயிற்று. ராமலிங்கம் அடிக்கவில்லை, திட்டவில்லை, உனக்கு முன்னாலயே தெரியுமா என்று மட்டும் கேட்டான். வரலேன்னு தெரியும், வரவே வராதுன்னு சத்தியமாத் தெரியாதுங்க என்றாள். அவன் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருந்தது அது. ஏமாத்துக்காரி என்று மாமியார் தெருவில் நின்று கத்தினபோது அவன் தடுக்கவும் இல்லை. அந்தப் பேரோடுதான் பொட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கட்டுத்தறிக்கு வந்து சேர்ந்தாள். இந்த இருபது இருபத்தஞ்சு வருசத்தில் அந்த ஒரு சொல்லைக் காறித் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அண்ணன் செய்ததுதான், ஐயோ, அதை நினைத்தால்தான் அடுப்புக்கட்டையை எடுத்து எங்காவது வீசலாம் போல இருக்கிறது. அவளைக் கொண்டுவந்து விட்ட வாரத்தில் அண்ணன் ஆள் கூட்டிக்கொண்டு தாராபுரம் போனான். ராமலிங்கம் வீட்டு வாசலில் நின்று ஊரே கேட்கிற மாதிரி, என்ற தங்கச்சிக்கு ஒரு கொறையும் கெடையாது, கோளாறு உங்க பையனுக்குத்தான், ஆம்பளைன்னு சொல்லிக் கட்டி வெச்சீங்களே வெட்கமா இல்லை என்று கத்தினான். ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். அவன் ரெண்டாம் தாரம் கட்டிப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் தாராபுரத்துக்காரர்கள் அவனை அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்களாம். அண்ணன் சண்டை போட்ட சேதி இங்கே வந்தபோது வசந்தாமணி இதே இடத்தில்தான் இதே அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்காக ஒரு ஆள் இருக்கிறான், ஊரே ஏமாத்துக்காரி என்றாலும் என் அண்ணன் என்னை நம்பினான், எனக்காகச் சண்டைக்குப் போனான் என்று அன்றைக்கு அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நன்றிக்குத்தான் இத்தனை வருசம் சாணி அள்ளினாள். கொள்ளு வேகவைத்தாள், தவிடு கலந்தாள், சினைக் குதிரைகளுக்கு ராவெல்லாம் கண் முழித்தாள், அவன் பிள்ளைகளுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். கூலி என்று ஒரு நாள் நினைத்ததில்லை, கடன் என்றுதான் நினைத்தாள், நம்பினதுக்குக் கடன். அவன் நம்பவே இல்லையே! அவனுக்குத்தான் தெரியுமே! தெரிந்துகொண்டே வாசலில் நின்று, ஒரு பாவமும் அறியாதவனை ஆம்பளையில்லை என்று ஊர் முன்னால் நாறடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டிருக்கிறான். அடப்பாவி. அடப்பாவி அண்ணா. திட்டக்கூட ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை அவளுக்கு, பாவி பாவி என்றே வாய் முனகியது.

கொள்ளில் தண்ணி வற்றியிருந்தது, சொம்பில் மோந்து ஊற்றினாள். சரி, நெசத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகிவிடும். ஆமாங்க, ஒழுங்கா வருதுங்க. சொல்லிப் பார்த்தாள் வாய்க்குள்ளேயே. சுலபமாகத்தான் இருந்தது, பழகின வாய்தானே. சென்னியப்பன் கயிற்றைப் போட்டுப் பிடித்துக்கொண்டு போவார். ஒரு கோடை சேர்த்துப் பார்ப்பார், ரெண்டு கோடை பார்ப்பார். அப்புறம் சவுக்கு எடுப்பாரோ, கஷாயம் கொடுப்பாரோ, திருப்பிக் கொண்டுவந்து இந்த வாசலில் கட்டுவாரோ. கட்டினால் அண்ணன் விடுவானா? எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு, கோளாறு உங்க பொலிகுதிரைக்குத்தான் என்பான். அந்த வசனம் அவனுக்கு மனப்பாடம். அப்புறம் அது கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் பட்டினியும் அடியுமாக எங்கே போய் விழுமோ யார் கண்டது. டாக்டர் சொன்னாரே வண்டி கட்டலாம், ஏறி ஓட்டலாம் என்று, அதைச் சொல்லியே விற்றால் என்ன இவனுக்கு. அதைத்தான் நேற்று ராத்திரி அவள் சோறு போடும்போது கேட்டாள், வண்டிக்குன்னு சொல்லியே குடுத்தர்லாமே அண்ணா. “நான் என்ன கல்யாண ஊர்வலத்துக்கா குதிரை வளக்கறேன்? வெளிய தெரிஞ்சா இந்தப் பட்டியில இருக்கறதெல்லாம் என்ன பொட்டையோன்னு ஒருத்தனும் என்கிட்டக் குதிரை பிடிக்க வரமாட்டான். நீ சோத்தைப் போடு.” போட்டாள். போடாமல் என்ன செய்வாள். இந்த வீட்டை விட்டால் அவளுக்கு எங்கே போக்கிடம்? அவள் பேரில் ஒரு முழம் நிலம் கிடையாது, கட்டுத்தறியை ஒட்டின அந்த ரூம், ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான். இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் பெட்டியை எடுத்து வெளியே வைப்பான். வைக்காவிட்டாலும் நங்கை சோத்துத்தட்டை வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவாள். இந்த வயசில் எங்கே போய், எந்த மில்லில், எந்த ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறது. பயம்தான், பயமில்லாமல் என்ன. அவள் என்ன வீராங்கனையா. வாழ்நாள் பூராவும் ஆமா ஆமா என்றே வாய் தேய்ந்தவள். ஆமான்னு சொல்லிவிட்டால் இன்றைக்கு ராத்திரி சோறு இருக்கிறது, பாய் இருக்கிறது, நாளைக்குக் கொள்ளு இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், போ. ஏதோ ஒரு குதிரைக்காக எதற்குப் பொல்லாப்பு. அப்படி முடிவு செய்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் முன்னால் சிரித்துக்கொண்டே இறங்கினான், பின்னால் சென்னியப்பன், நரைத்த கிருதா, தோளில் ஒரு புதுக்கயிறு. விற்கிறவன் வீட்டுத் தலைக்கயிற்றோடு யாரும் உருப்படியைக் கொடுக்கமாட்டார்கள், வாங்குகிறவன்தான் கயிறு கொண்டுவரவேண்டும். ஆக, பிடித்துக்கொண்டு போகிறதென்றே வந்திருக்கிறார். கட்டுத்தறிக்குள்ளே போய்ச் சுழி பார்த்தார், பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டிப் பார்த்தார். “சுழி நெம்பச் சுத்தம்” என்று அவர் சொல்கிறதும், “குணமும் அப்படித்தானுங்க, அத்தனை அடக்கம்” என்று அண்ணன் சொல்கிறதும் அவளுக்கு இங்கே கேட்டது. அடக்கம். இன்னும் விடவில்லை அதை. பிறகு செருப்புச் சத்தம் அடுப்பைப் பார்த்து வந்தது. அவள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங் அம்மிணி, நீங்கதான் தீனி வெக்கறீங்களாமா. கூடவே கெடக்கறவங்களுக்குத்தான் தெரியும். பொட்டைக்குப் பருவம் ஒழுங்கா வருதுங்களா?”

அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினான். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் பார்த்த அதே பார்வை, ஒண்ணுமில்ல கண்ணு என்கிற பார்வை. பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் ஆமாம் என்றே சொல்லியிருப்பாள்.

“வராதுங்க” என்றாள்.

“வரலீங்களா, வராதுங்களா?”

“வரவே வராதுங்க. பொறப்புலயே அப்படி. நேத்துத்தான் டாக்டரு வந்து சொல்லிட்டுப் போனாரு. நல்ல குதிரைங்க, ஏறி ஓட்டலாம், வண்டி கட்டலாம், அதுக்கு ஒரு வலியும் இல்லீங்க. குட்டி மட்டும் போடாது. அது தப்பு இல்லீங்க.”

“அம்மிணி!” என்றான் அண்ணன். குரல் கீச்சென்று வந்தது. சமாளித்துச் சிரித்தான். “அவளுக்கு என்னங்க தெரியும், அடுப்படியில கெடக்கறவ. டாக்டரு என்னமோ சொன்னாரு, நமக்கு அதெல்லாம் என்னங்க புரியுது. நெசமாலுமே எனக்குத் தெரியாதுங்க.”

சென்னியப்பன் தோளில் இருந்த கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“அவருக்கு நல்லாத் தெரியுமுங்க” என்றாள் வசந்தாமணி. “முன்னாலயும் ஒருக்கா இப்படித்தான், எல்லாம் தெரிஞ்சே, நல்லாருக்குதுன்னு சொல்லிக் குடுத்துட்டாரு. தாராபுரத்துக்காரங்க ஏமாந்துபோயித் திருப்பிக் கொண்டாந்து உட்டாங்க. அவங்களையே கொறை சொல்லிச் சண்டைக்கும் போனாரு.”

“தாராபுரத்துக்கா?” சென்னியப்பன் நெற்றியைச் சுருக்கினார். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத பட்டி கிடையாது. “எனக்குத் தெரியாம அங்க எந்தக் குதிரையுங்க அது?”

“குதிரையில்லீங்க” என்றாள். “நானுங்க.”